அடக்கம் என்று எழுதினேன்

பிறருடைய நாவல்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் நான் பல தடவை அபிப்பிராயம் சொல்லியிருக்கிறேன். சில சமயம் கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருக்கிறேன். "உங்கள் நாவலுக்கு நீங்களே ஒரு விமரிசனம் எழுதுவதுதானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேலியாகத்தான் கேட்டிருப்பார். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், அவர் கேட்பதற்குச் சில மாதங்கள் முன்னாலேயே, என் நாவல் ஒன்றின் ஓர் அத்தியாயம் தப்பு என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. நடை தப்பில்லை, கதைப் போக்கும் தப்பில்லை, பார்வை தப்பு.

முப்பது வருஷங்களுக்கு முன் எழுதிய நாவல் அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஞாபகம் உள்ளவர்கள் கண்டுகொள்வார்கள். கதாநாயகியின் தங்கையாக அதில் ஒரு சிறுமி வருகிறாள். அதிகம் பேசமாட்டாள். வீட்டுக்கு யாராவது வந்தால் தூணோரம் போய் நிற்பாள். சாயங்கால வேளையில் மல்லாட்டையை முறத்தில் கொட்டி, ஒரே அளவாக இருப்பவற்றைப் பொறுக்கி வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். அவளை 'அடக்கமே உருவானவள்' என்று எழுதினேன். நாவல் வெளிவந்ததும் வந்த கடிதங்களில் பாதி அந்தச் சிறுமியைப் பற்றியவைதான். "எனக்கு வரும் மருமகள் இப்படி அமைய வேண்டும்" என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தார்கள். கதையில் அவளுக்கு வயது பதினொன்று. அந்தக் கடிதம் அன்று எனக்குச் சந்தோஷத்தையே கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிறுமி என் கற்பனையில் பிறந்தவள் அல்ல. விழுப்புரத்துக்கு வடமேற்கே இருக்கிறது கெடார். என் தாயார் பிறந்த ஊர். கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளைகிற, எந்தச் சரித்திரப் புத்தகமும் தேடி வராத ஊர். கோடை விடுமுறையில் அங்கே போவேன். சித்தியின் கடைசி மகள்தான் அந்தச் சிறுமி. அவளைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டேன். எழுத்தாளருக்கு உறவுக்காரராக இருப்பது எத்தனை கஷ்டம் என்பதை எழுத்தாளர்கள் யோசிப்பதில்லை.

அந்தக் குறிப்பு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சமீபத்தில் எடுத்துப் புரட்டினேன். நாவலில் எழுதியவை அதில் இருந்தன. எழுதாமல் விட்டவையும் இருந்தன. விட்டவை மூன்று. பக்கத்து ஊர்த் திருவிழாவில் பம்பை அடித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலடியில் புகுந்தவள், விடியும் வரை வெளியே வரவில்லை. சோற்றில் குழம்பு பட்டுவிட்டால் அந்தத் தட்டையே தொடமாட்டாள். இரண்டும் தனித் தனியாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். கொல்லைப்புறத்தில் தனியாக நின்றுகொண்டு, தன் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பேசிய பேச்சை அதே குரலில், அதே சிரிப்போடு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை சிரிப்பு சரியாக வரவில்லை போலிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இவற்றை நான் பார்க்காமலில்லை. பார்த்தேன், எழுதியும் வைத்தேன். நாவல் எழுதுகிறபோது ஒதுக்கிவிட்டேன். 'அடக்கமே உருவானவள்' என்ற என் சித்திரத்துக்கு அவை ஒத்து வரவில்லை. பாத்திரத்துக்காக மனுஷியைத் திருத்திவிட்டேன். வேறொருவர் நாவலில் இதைக் கண்டுபிடித்திருந்தால் எத்தனை ஆவேசமாக எழுதியிருப்பேன்!

இது எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். போன சித்திரையில் கெடாருக்குப் போயிருந்தேன். என் சிறுமிக்கு இப்போது வயது நாற்பதுக்கு மேல். இரண்டு குழந்தைகள்: மூத்தவள் பதினொரு வயதுப் பெண்; இளையவன் ஐந்து வயதுப் பையன். பையனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"மூணு வயசுலயே தெரிஞ்சுபோச்சுக்கா. பேச்சு வரல. கூப்பிட்டா திரும்ப மாட்டான். கதவைத் தெறந்தா ஓட்டம். பால்வாடி டீச்சர்தான் மொதல்ல சொன்னாங்க, காட்டிடுங்கம்மான்னு" என்றாள்.

"பெரியவள் எப்படி?"

"அவளுக்கென்ன? தங்கம். பள்ளிக்கூடத்துல வாயே தொறக்க மாட்டா. எல்லா டீச்சரும் சமத்துன்னுதான் சொல்றாங்க."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பெண் பையைப் போட்டுவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்விடுகிறாளாம். தலையில் தானே அடித்துக்கொள்கிறாளாம். ஒரு மணி நேரம் ஆகுமாம். அப்புறம் அப்படியே தூங்கிவிடுவாளாம். சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை.

"பையனுக்காகப் போன எடத்துல ஒரு கேள்வித்தாள் கொடுத்தாங்கக்கா. படிக்கப் படிக்க எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. பாதிக்கு மேல பெரியவளுக்கு ஒத்து வருது. மீதி..."

"மீதி?"

"மீதி எனக்கு ஒத்து வருதுக்கா."

நான் ஒன்றும் பேசவில்லை. அவளே சொன்னாள்: "நீங்க என்னைப் பத்தி எழுதின கதைய நான் நாலஞ்சு வாட்டி படிச்சிருக்கேன். அந்தப் பொண்ணு எவ்ளோ நிம்மதியா இருக்கா! நான் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லக்கா."

என் நாவலுக்கு வந்த விமரிசனங்களில் இதைவிடக் கடுமையானதும் கிடையாது. இதைவிட நியாயமானதும் கிடையாது.

ஊர் திரும்பியதும் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்த விஷயத்தின் சரித்திரமே பார்வையின் சரித்திரமாக இருக்கிறது. 1943-ம் ஆண்டு, அமெரிக்காவில் பால்டிமோர் நகரில், லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்ற பெயரில் குழந்தைகளின் ஒரு தனி நிலையை உலகம் அறிந்துகொண்டது அந்தக் கட்டுரையால்தான். பதினொருவரில் எட்டுப் பேர் பையன்கள்; மூன்று பேர் பெண்கள். மருத்துவக் கட்டுரை என்றாலும் ஒவ்வொரு குழந்தையின் வரலாறும் நல்ல சிறுகதை போல இருக்கிறது. கானர் தீர்ப்பை முதலில் சொல்வதில்லை; குழந்தை செய்ததை முதலில் சொல்கிறார். அந்த மூன்று பெண்களில் ஒருத்தி, ஐந்து வயதிலிருந்தே மந்த புத்தி உள்ளவர்களுக்கான ஒரு விடுதியில் இருந்தவள். காது கேளாதவள் என்றுகூட அவளை நினைத்திருந்தார்கள். அவளுக்குக் காது கேட்டது. படத்துண்டுகளைப் பொருத்துவதில் கெட்டிக்காரியாக இருந்தாள். அவள் தகப்பனாரே ஒரு மனநல மருத்துவர்! வீட்டுக்குள் மருத்துவர் இருந்தும் பெண் தவறான இடத்தில் வருஷக்கணக்காக இருந்தாள் என்பதைப் படித்தபோது, வீட்டுக்குள் நாவலாசிரியை ஒருத்தி இருந்த கெடார் வீடு என் நினைவுக்கு வந்தது.

அடுத்த வருஷம், 1944-ல், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் விரிவாக வர்ணித்த நால்வரும் பையன்கள். பெண் குழந்தைகளிடம் இதன் முழு வடிவத்தைத் தாம் காணவில்லை என்றும், இது ஆண் புத்தியின் ஓர் எல்லை என்றும் கருதினார். காணவில்லை என்று சொன்னதிலாவது ஒரு நேர்மை உண்டு. காணவில்லை என்பதை இல்லை என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டதில்தான் வினை. அவருடைய கருத்துக்களை 1981-ல் ஆங்கில உலகத்துக்கு விரிவாக எடுத்துச் சொன்னவர் லோர்னா விங் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர் இந்தத் துறைக்கு வரக் காரணமாக இருந்தது ஆட்டிசம் உள்ள அவருடைய மகள். ஆண்களின் எல்லை என்று ஒருவர் சொன்னதைப் பரப்பியவரின் வீட்டிலேயே இருந்தது ஒரு பெண் குழந்தை!

நான்கு பையன்களுக்கு ஒரு பெண் என்பது வெகு காலம் வரை வாய்பாடு மாதிரி இருந்த கணக்கு. 2017-ல் லண்டனைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே ஆட்டிசம் என்று சீட்டுப் பெற்றவர்களை மட்டும் எண்ணிய ஆய்வுகளில், ஒரு பெண்ணுக்கு நாலரைப் பையன்கள் வந்தார்கள். வீடு வீடாக, பள்ளி பள்ளியாகத் தேடிப் போய்ச் சோதித்த ஆய்வுகளில் விகிதம் மூன்றேகாலாகக் குறைந்தது. இரண்டு எண்ணுக்கும் இடையே இருக்கிற வித்தியாசம் வெறும் கணக்கு அல்ல. வந்தவர்களை எண்ணுவதற்கும் தேடிப் போய் எண்ணுவதற்கும் நடுவில் விழுந்துபோன பெண் குழந்தைகள் அவர்கள். கெடாரில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நிற்கிறவளும் அந்த இடைவெளியில்தான் நிற்கிறாள்.

மருத்துவர்கள் கதை இது. எழுதுகிறவர்கள் கதை என்ன?

1967-ம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று புருனோ பெட்டல்ஹைம் எழுதியது. குழந்தை தனக்குள்ளே ஒடுங்கிக்கொள்வதற்குப் பெற்றோரின் அன்பின்மையே காரணம் என்று அடித்துப் பேசியது. புகழும் பெற்றது. பின்னால் அந்தக் கொள்கை பொய்யென்று ஆயிற்று. அதற்குள் எத்தனையோ தாய்மார் கண்ணீர் விட்டிருந்தார்கள். மற்றொன்று கிளாரா கிளெய்போர்ன் பார்க் என்ற தாய் எழுதிய 'முற்றுகை'. ஆங்கில இலக்கியம் படித்துப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். தம் நான்காவது குழந்தையான மகளை எட்டு வருஷம் பார்த்ததை எழுதினார். முதலாமவரிடம் கொள்கை இருந்தது. அதற்குள் குழந்தையை அடைத்தார். தாயிடம் கொள்கை கிடையாது, குழந்தை இருந்தது. ஆகவே குழந்தை தரையில் எதைப் பார்த்தது, எதற்குச் சிரித்தது, எந்த வார்த்தையை எந்த மாதம் சொல்லி எப்போது மறந்தது என்று எழுதிக்கொண்டே போகிறார். அன்பு அதிகமானால் கண் மங்கும் என்பார்கள். இந்தப் புத்தகத்தில் அன்புதான் கண்ணைத் துலக்கியிருக்கிறது. நாவல் எழுத விரும்புகிறவர்கள் படிக்க வேண்டிய புத்தகம் என்று தயங்காமல் சொல்வேன்.

நம் நாட்டுக்கு வருவோம். 2013-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆட்டிசம் உள்ள பையன், காவல் துறையில் இருக்கும் தகப்பன், புரிந்துகொள்ளும் டீச்சர். பையனின் ஓட்டத்தை வெற்றியாக மாற்றிக் காட்டியது படம். கண்ணியமான படம். ஆட்டிசம் என்ற சொல்லை நம் நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அதற்குப் பங்கு உண்டு. அதற்கு முந்தின வருஷம் இந்தியில் 'பர்ஃபி'. அதில் ஆட்டிசம் உள்ளவள் ஒரு பெண்ணாகவே வருகிறாள். பிரியங்கா சோப்ரா நடித்தார். உழைப்பான நடிப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண் திரைக்கு வந்த முதல் நிமிஷத்திலேயே, கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அவள் யார் என்று தெரிந்துவிடுகிறது. விரல், தலை, நடை, எல்லாம் அறிவிக்கின்றன. அப்படி வெளிப்படையாக அறிவிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டியது தப்பில்லை. ஆனால் அதை மட்டுமே பார்த்துப் பழகிய கண், அறிவிக்காதவளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

பத்திரிகைகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. 2022 மார்ச்சில் ஜியா ராய் என்ற ஆட்டிசம் உள்ள பெண், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 29 கிலோமீட்டர் கடலை நீந்திக் கடந்தாள். பதின்மூன்று வயது, பதின்மூன்று மணி நேரத்துக்கும் சற்று மேலாக நீந்தினாள். எல்லாப் பத்திரிகைகளும் எழுதின, எழுத வேண்டியதுதான். ஆனால் ஒரு பெண்ணைப் பார்ப்பதற்கு நமக்குப் பாக் நீரிணை வேண்டியிருக்கிறது. ஒன்று பரிதாபம், இல்லாவிட்டால் சாகசம். இரண்டுக்கும் நடுவே, சத்துணவு வரிசையில் சத்தம் தாங்காமல் நகத்தால் தன் உள்ளங்கையைக் கீறிக்கொண்டு நிற்கிறவளை எந்தக் கதையில் வைப்பது?

அவள் எப்படித் தப்பிப் போகிறாள் என்பதற்கு ஓர் ஆய்வு விடை சொல்லியிருக்கிறது. இதுவும் 2017-ல் வந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் செய்தது. விளையாட்டு மைதானத்தில் குழந்தைகளைத் தூரத்திலிருந்து கவனித்தார்கள். ஆட்டிசம் உள்ள பையன் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தான். எந்த ஆசிரியர் கண்ணுக்கும் படுவான். ஆட்டிசம் உள்ள பெண்ணோ மற்றப் பெண்களின் பக்கத்திலேயே இருந்தாள். கூட்டத்துக்குள் போவாள், வெளியே வருவாள், மறுபடி போவாள். தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுகிறாள் என்றே தோன்றும். கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் அவள் ஆட்டத்தில் இல்லை என்று தெரியும்.

எங்கள் செஞ்சி, விழுப்புரம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். வேஷக்காரர் ராத்திரி முழுவதும் ஆடுவார். அவருக்கு வேஷம் கட்ட ஓர் இடம் உண்டு. திரை பிடிக்க ஆள் உண்டு. விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவ ஒரு செம்புத் தண்ணீர் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது வேஷம் என்று ஊருக்குத் தெரியும். இந்தப் பெண்கள் காலையில் பள்ளி மணி அடிக்கும்போது வேஷம் கட்டுகிறார்கள். அடுத்தவளின் சிரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அடுத்தவளின் பேச்சை எடுத்துப் பேசுகிறார்கள். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவ மத்தியைப் பார்க்கிறார்கள். அது வேஷம் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நடப்பதுதான் அரிதாரம் கலைக்கும் நேரம். அதை வீட்டில் 'அடம்' என்கிறார்கள். 'வயசுக்கு வரப் போகிறாள், அதுதான்' என்கிறார்கள்.

இந்த நிலைக்குத் தமிழில் வைத்த பெயர்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சொல் என்பது எங்கள் தொழில். 'மதியிறுக்கம்' என்கிறார்கள். அரசாங்கத் தாள்களில் 'புற உலகச் சிந்தனை அற்றவர்' என்ற தொடரும் வருகிறது. நல்ல எண்ணத்தோடு செய்த பெயர்தான். ஆனால் கெடார்ப் பெண்ணைப் பார்த்த பிறகு எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. புற உலகத்தைத் தவிர வேறு சிந்தனையே அவளுக்கு இல்லை! யார் எப்போது என்ன சொல்வார்கள், தான் என்ன செய்தால் தப்பாகாது என்று காலையிலிருந்து அதே யோசனை. மற்றவர்களுக்கு மூச்சு விடுவது போல வருவதை அவள் ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டுச் செய்கிறாள்.

இதில் நம் இலக்கியத்தின் பங்கு என்ன என்பதற்கு வருகிறேன். திருக்குறளில் அடக்கமுடைமை என்று ஓர் அதிகாரம் உண்டு. அது ஆண், பெண் எல்லோருக்கும் பொது. நாம் அதை எடுத்துப் பெண்ணின் கழுத்தில் மட்டும் தாலி போலக் கட்டிவிட்டோம். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நான்கு குணங்களைப் பெண்மைக்கு இலக்கணமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அச்சம் என்பது பயம். மடம் என்றால் தெரிந்தும் தெரியாதது போல இருத்தல். நாணம் கூச்சம். பயிர்ப்பு, பழகாத ஒன்று பட்டால் அருவருத்து ஒதுங்குதல். இந்த நான்கையும் ஒரு மருத்துவர் முன்னால் வைத்து, "இந்தக் குழந்தை இப்படி இருக்கிறாள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மேலும் கேள்வி கேட்பார். நாமோ இவற்றை வர்ணித்துப் பாராட்டு வாங்கியிருக்கிறோம். பையன் வாயைத் திறக்காவிட்டால் அது கவலை. பெண் வாயைத் திறக்காவிட்டால் அது குணம். பையன் ஓடினால் மருத்துவரிடம் ஓடுகிறோம். பெண் ஒடுங்கினால் வரன் பார்க்கிறோம்.

பேசாத பெண்கள் எல்லோருக்கும் ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை. கூச்சம் என்பது வேறு. கூச்சமுள்ள குழந்தை பழகிவிட்டால் கலகலவென்றாகிவிடும். பேசிவிட்டு வந்து படுத்துவிடாது. பார்க்க வேண்டியது அமைதியை அல்ல, அமைதிக்கு அவள் கொடுக்கும் விலையை. பள்ளியில் தங்கமாக இருப்பவள் வீட்டில் ஏன் உடைந்துபோகிறாள்? ஒரே ஒரு தோழியை ஏன் நிழல் போலப் பற்றிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தோழி வராத நாளில் ஏன் பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறாள்? தொலைக்காட்சித் தொடர் பார்ப்பது எல்லாப் பெண்களும் செய்வதுதான். ஒரே தொடரின் வசனத்தை ஏன் அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறாள்? சட்டையின் தையல் உறுத்துகிறது என்று ஏன் அழுகிறாள்? ஒன்று தனியாக இருந்தால் ஒன்றுமில்லை. எல்லாம் சேர்ந்து, சின்ன வயதிலிருந்தே இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது.

கேட்கப்போனால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சித்தி மகளும் நானும் பெண்ணை முதலில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் பெண்ணிடம் பெயர் கேட்டார், சொன்னாள். எந்த வகுப்பு என்றார், சொன்னாள். சிரித்தார், சிரித்தாள். "பெண் குழந்தை, கொஞ்சம் கூச்சம். வேறொன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு கோடை விடுமுறை முழுவதும் பார்த்த நானே அதைத்தானே எழுதினேன்!

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சித்தி மகள் தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். பெண்ணின் அலமாரியில் இருந்ததாம். காட்டலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே கொண்டுவந்திருக்கிறாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில், குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது. ஒரு பக்கத்துக்குத் தலைப்பு: 'வீட்டுக்கு யாராவது வந்தால்.'

1. வாங்க.
2. தண்ணி குடிக்கிறீங்களா?
3. அம்மா உள்ளே இருக்காங்க.
4. அப்புறம் போகலாம்.

நாலாவதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் 'சிரிக்க வேண்டிய இடம்' என்று ஆரம்பித்து ஏழெட்டு வரிகள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவள் எனக்குக் கொடுத்தது அல்ல. நான் எடுத்துக்கொள்வதற்கு உரிமையில்லை. முதல் பக்கத்தைக்கூட அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பஸ் வரும் வரை அந்த நாலு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷங்களுக்கு முன் பன்னிரண்டு பக்கத்தில் நான் சொல்ல முடியாததை அந்தக் குழந்தை நாலு வரியில் சொல்லியிருந்தாள். என் அத்தியாயத்தில் சிறுமி தூணோரம் நிற்கிறாள். ஏன் நிற்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நிற்பது அழகாக இருந்தது, எழுதினேன். இந்த நோட்டில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் தூணோரம் நிற்கிறவளின் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்கிறது.

இரண்டாவதாகப் போன இடத்தில் அந்த நோட்டையும் கொண்டுபோனோம். பள்ளியில் எப்படி, வீட்டில் எப்படி, மூன்று வயதில் எப்படி என்று தனித் தனியாகக் கேட்டார்கள். பெண்ணோடு இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். பிறகு சொன்னார்கள்: ஆட்டிசம்தான். இது மருந்தால் தீருகிற வியாதி அல்ல. பிறவியிலேயே அமைகிற ஒரு மனப்பாங்கு. தெரிந்துகொண்டால் வாழ்க்கையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் வாழ்நாள் முழுவதும் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேட்பதற்கு இடங்கள் இல்லாமல் இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டமே ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-ம் வருஷச் சட்டம் அங்கீகரித்த இருபத்தொரு வகை மாற்றுத்திறன்களில் இதுவும் ஒன்று. அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் குழந்தைகளைச் சோதிக்க 2013-லிருந்து மருத்துவக் குழுக்கள் வருகின்றன; அவர்கள் அனுப்பும் குழந்தைகளுக்காக மாவட்டங்களில் இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று 2005-லிருந்து இயங்குகிறது. கதவுகள் இருக்கின்றன. ஆனால் பெண்ணைக் கதவு வரைக்கும் கொண்டுபோவதற்கு, அவளிடம் ஏதோ இருக்கிறது என்று முதலில் ஒருவருக்குத் தோன்ற வேண்டும். அந்தத் தோன்றலைத்தான் எங்களைப் போன்றவர்கள் கதை எழுதிக் கெடுத்திருக்கிறோம்.

இப்போது என்ன மாறியிருக்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. மதிய மணி அடித்ததும் அவள் வகுப்பறையிலேயே இருந்து சாப்பிடலாம் என்று பள்ளியில் ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் யாரும் அவளிடம் பேசுவதில்லை. கூடத்து ஓரத்தில் ஒரு பாய் அவளுக்கென்று இருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் போவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இவற்றுக்கெல்லாம் காலணா செலவு கிடையாது.

"நீயும் ஒரு தடவை காட்டிக்கொள்ளேன்" என்று சித்தி மகளிடம் சொன்னேன்.

"எனக்கு எதுக்குக்கா இனிமே சீட்டு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு. நான் திமிர் புடிச்சவ இல்லைன்னு இப்ப எனக்குத் தெரியுது. அது போதும்" என்றாள். மாமியார் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர் இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

என் நாவலை மறுபதிப்புப் போடப் போகிறார்கள். அந்த அத்தியாயத்தைத் திருத்தித் தரட்டுமா என்று பதிப்பாளரைக் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அப்போது நான் எப்படிப் பார்த்தேன் என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும். 'அடக்கமே உருவானவள்' என்ற தொடரை மட்டும் எடுத்துவிட்டேன். இரண்டே வார்த்தைதான். எடுத்த பிறகு பார்த்தால், தூணோரம் ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். ஏன் என்று படிக்கிறவர் கேட்பதற்கு இடம் இருக்கிறது.

போன மாதம் மறுபடி கெடாருக்குப் போனேன். வாசலில் அவள்தான் இருந்தாள்.

"வாங்க பெரியம்மா" என்றாள். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா உள்ளே இருக்காங்க" என்றாள்.

அப்புறம் நின்றாள். கை விரல்கள் பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தன.

"சரி கண்ணு, நீ போகலாம்" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வேகமாக உள்ளே போய்விட்டாள்.